எட்டாம் நாள் விசில்

சனிக்கிழமைகளில் பேத்தியைக் கூடைப்பந்துக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. எர்லாங்கனில் எங்கள் வீட்டிலிருந்து அந்த விளையாட்டு மண்டபத்துக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். அவள் முன்னால், நான் பின்னால். மண்டபத்துக்குள் நான் போவதில்லை. வெளியே சப்பாத்துக் கழற்றும் இடத்தில் உட்கார ஒரு நீள வாங்கு கிடக்கிறது. ஆட்டம் முடியும்வரை அதிலேயே இருப்பேன். தாத்தாவுக்குச் சத்தம் ஒத்துவராது என்று பேத்தி தன் சிநேகிதிகளிடம் சொல்லிவைத்திருக்கிறாள். சத்தம் இல்லை, விசில். நடுவர் ஊதும் ஒவ்வொரு தடவையும் என் நாக்கு நுனியில் பித்தளையின் ருசி வரும். அதன் பின்னாலேயே சாம்பிராணியும் சுருட்டும் மணக்கும். எழுபத்திரண்டு வயதுக்காரன் இதை டாக்டரிடம் சொன்னால் தலையைப் படம் பிடிக்க டெர்மின் என்று ஒரு நாள் குறித்து எழுதித் தருவார். ஆகவே சொல்வதில்லை.

போன மாதம் அந்த வாங்கில் இருந்தபோது கைத்தொலைபேசி விடாமல் முனகத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் நான் படித்த கல்லூரியின் பழைய மாணவர் குழு. ஜெர்மனியில் சிதறிக் கிடக்கும் நாங்கள் எல்லோரும் அதில் இருக்கிறோம். கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு அடுத்த கோச் யார் என்பது கேள்வி. சம்பளத்தில் ஒரு பங்கை இங்கிருந்து அனுப்புகிறோம் என்பதால் ஆளைத் தீர்மானிப்பதும் எங்கள் வேலை என்று எங்களுக்கு ஒரு எண்ணம்.

"கொழும்பில இருந்து ஒராளை எடுப்பம். நஷனல் விளையாடினவன்."

"நஷனல் விளையாடினவன் எங்கட வெயிலுக்க நிப்பானோ? ரெண்டு கிழமையில முதுகு நோகுதெண்டு ஓடிப்போடுவான்."

"அப்ப நீங்களே போய் நில்லுங்கோவன் அண்ணை. உங்கட ரெண்டு முழங்காலும் டைட்டானியம்தானே, துருப்பிடிக்காது."

கடைசியில் ஒருவர், இப்போது பெடியளுக்குப் பழக்கிக்கொண்டிருக்கும் இளைஞனே போதும், நாலு வருடமாகச் சம்பளமில்லாமல் நிற்கிறானே என்றார். பிறகு ஹாலே நகரத்திலிருந்து ஒருவர், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல மெதுவாக, குரல்செய்தியில் கேட்டார்: "அந்தத் தம்பி எந்தப் பகுதி?"

ஊரில் அதைச் சாதி என்போம். இங்கே வந்து பகுதி என்கிறோம். ஒருவர் பதில் சொன்னார். இன்னொருவர், "நல்ல பெடியன்தான். ஆனா கல்லூரிக்கெண்டு ஒரு மரபு இருக்கெல்லோ" என்றார். நான் அந்தக் குழுவில் எதுவும் எழுதுகிறவன் இல்லை. அன்றைக்கு, "அந்தத் தம்பியையே போடுங்கோ" என்று எழுதினேன். எல்லோரும் வாசித்ததாகத் தொலைபேசி காட்டியது. அரை மணித்தியாலம் கழித்து யாரோ ரோசாப்பூப் படம் ஒன்றைப் போட்டு எல்லோருக்கும் இனிய காலை வணக்கம் என்றார்கள். அப்போது பின்னேரம் நாலு மணி.

நான் எழுதியது பெருந்தன்மையால் அல்ல. ஒன்பது வயதில் நான் ஏற்கெனவே ஒரு தடவை கோச் ஒருவரைத் தெரிவுசெய்திருக்கிறேன். அதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

அந்தக் கல்லூரியின் அணியை உண்டாக்கியவர் என் பெரியப்பா. கணக்கு வாத்தியார். சீமெந்துத் தளம் போட்டதும் பலகை அடித்ததும் அவர்தான். பின்னேரங்களில் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தோடு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பித்தளை விசிலோடு நிற்பார். அந்த விசில்மேல் எனக்குப் பைத்தியம். கேட்டால், "ஒருநாள் தாறன்" என்பார். அந்த ஒருநாள் வரவில்லை. ஒரு காலை கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார்.

அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் நிற்பார். கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாய் கழுவுகிற வேலை அவருக்கு. நாற்பது வயதிருக்கும். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் லாப் பெடியன். இருபது வருடமாகப் பந்துக்குக் காற்றடிப்பதும், தளம் கூட்டுவதும், போட்டிக்குப் போனால் பந்துப் பையைத் தோளில் காவுவதும் அவர்தான். வெளியே தெரியாத ஒரு விஷயம், பெடியளுக்குப் பந்து போடப் பழக்கியதும் அவர்தான். விளையாடுகிறவர்கள் அவரை அண்ணை என்று கூப்பிடவேண்டும் என்பது பெரியப்பாவின் கட்டளை. நான் விளையாடுகிறவன் இல்லை. நான் அவரை நீ என்றேன். அவர் என்னை நீங்கள் என்றார். அதில் ஏதும் வித்தியாசமாக எனக்குப் படவில்லை.

செத்த எட்டாம் நாள் எங்களில் படையல் வைப்போம். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, அவர் படுத்த அறையில் வாழை இலை போட்டுப் படைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடவேண்டும். அவர் வந்து சாப்பிடுவார். அந்த நேரத்தில் ஒருவரும் எட்டிப்பார்க்கக்கூடாது. பெரியப்பாவுக்கு நண்டுக்கறி, அவித்த முட்டை, பொரித்த மீன், கிளாசில் கொஞ்சம் சாராயம், பித்தளைத் தட்டின் விளிம்பில் ஒரு பற்றவைத்த சுருட்டு. அந்தச் சுருட்டு எரிந்து முடியும் நேரந்தான் அவருக்குரிய நேரம் என்று பெரியம்மா சொன்னார். இலையின் தலைப்பக்கம் அவருடைய சப்பாத்துச் சோடியையும் அதன்மேல் விசிலையும் வைத்திருந்தார்கள்.

இருட்டத் தொடங்கும் மைம்மல் பொழுது. பெண்கள் நண்டுக்கறி எடுக்கக் குசினிக்குப் போன இடைவெளியில் நான் அறைக்குள் போனேன். விசிலை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவதுதான் திட்டம். எடுத்துவிட்டேன். திரும்பினால் காலடிச் சத்தம். கட்டிலின்கீழ் புகுந்தேன். வந்தவர்கள் கறியை வைத்தார்கள், சுருட்டைப் பற்றவைத்தார்கள், பெரியம்மா ஒரு தடவை விக்கினார். கதவு சாத்தப்பட்டது. வெளியே நாதாங்கி விழுந்தது.

செத்தவருடைய சாப்பாட்டோடு நான் தனியே இருந்தேன்.

கட்டிலின் கீழிருந்து எனக்குத் தெரிந்தது இலையின் ஒரு கரை, சப்பாத்தின் குதிகள், சுருட்டின் சிவந்த நுனி. சன்னல்கள் பூட்டியிருந்தன. விளக்குச் சுடர் அசையவில்லை. ஆனால் சுருட்டின் நுனி மங்கியது, பிறகு பளிச்சென்று சிவந்தது, பிறகு மங்கியது. யாரோ ஆறுதலாக இழுத்து விடுவதுபோல. நான் எண்ணினேன். ஏழு தடவை. அதன்பிறகு எண்ணப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

சன்னலுக்கு வெளியேதான் பந்தல். அங்கே பழைய மாணவர்கள் இருந்தார்கள். மூக்குப்பேணியில் தேத்தண்ணி ஒரு சுற்று, சாராயம் ஒரு சுற்று முடிந்திருந்தது. பேச்சு அடுத்த கோச் யார் என்பதற்கு வந்துவிட்டது. அது சம்பளமில்லாத பதவி. கல்லூரி அதிபர் அதைப் பழைய மாணவர்களின் விருப்பத்துக்கே விட்டிருந்தார்.

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், அணியின் முதல் கப்டன், லாப் பெடியனுக்காகக் கதைத்தார். "ஐசே, இருவது வருஷம் பந்து காவினவனுக்குப் பந்து விளங்காதோ?"

"பந்து காவினவன் கோச்செண்டா, என்ர கடைக்குப் பெட்டி இழுக்கிற மாடும் முதலாளிதான்" என்றார் சுருட்டுக் கடைக்காரர். பந்தல் சிரித்தது.

"நீர் போட்ட பந்து ஒருநாளும் கூடைக்குள்ள போனதில்லை. நீர் வாய் திறக்கிறீர்."

"போகேல்லத்தான். ஆனா நான் கடைசி ஆளா எண்டாலும் வாங்கில இருந்தனான். அவன் ஒருநாளாவது வாங்கில இருந்தவனோ?"

போட்டிகளில் லாப் பெடியன் வாங்குக்குப் பின்னால் நிற்பார். அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அப்ப இனி இருத்துவம்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "தனக்குப் பிறகு அவன்தான் எண்டு செத்தவரே எனக்குச் சொன்னவர்."

"சாட்சி?"

"சாட்சிக்கு அவரைத்தான் கேக்கவேணும்."

"கேளுமன். உள்ளுக்குத்தானே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்."

மறுபடி சிரிப்பு. கதிரை ஒன்று நகர்ந்தது. ஸ்டேஷன் மாஸ்டரின் குரல் சன்னலுக்கு மிகக் கிட்டக் கேட்டது. அதில் பகிடி பாதி, கண்ணீர் பாதி. "அண்ணை, உங்கட இடத்துக்கு ஆர்? லாப் பெடியனைப் போடட்டோ?"

அந்தப் பதவிக்கு அடிபட்ட மற்றப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியும். என் சித்தப்பா. கந்தோரில் கிளாக் வேலை. ஒரு பருவம் விளையாடிக் கணுக்கால் சுளுக்கி விட்டவர். சித்தப்பா கோச்சானால் விசில் எங்கள் வீட்டில் இருக்கும். லாப் பெடியன் கோச்சானால் விசில் அவருடைய வீட்டுக்குப் போகும். அவருடைய வீட்டுக்கு நாங்கள் போவதில்லை. போன பொருள் திரும்புவதுமில்லை. நான் யோசித்தது இவ்வளவுதான். யாரும் சொல்லித் தரவில்லை, பயத்தில் கை தவறவுமில்லை. விசிலை வாயில் வைத்து, இருந்த மூச்சு முழுவதையும் ஊதினேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. குசினியில் கரண்டி நின்றது. தெருவில் போய்க்கொண்டிருந்த நாயின் நகச் சத்தம்கூட நின்றது.

"பௌல். பிழை எண்டுறார்" என்றார் சுருட்டுக் கடைக்காரர், கோயிலில் கதைப்பதுபோல.

யாரோ பிள்ளையாரை அழைத்தார். யாரோ அழத் தொடங்கினார். கொஞ்சம் பொறுத்து வேறொரு குரல், நடுங்கி, ஆனால் நம்பிக்கையோடு கேட்டது: "அப்ப, அண்ணை, உங்கட தம்பியைப் போடட்டோ?"

விசில் கேட்டது.

நான் ஊதவில்லை. விசில் என் உள்ளங்கைக்குள் இருந்தது. விரல்கள் அதன்மேல் இறுகி மூடியிருந்தன. என் வாய் மூடியிருந்தது. சத்தம் இலைப் பக்கமிருந்து வந்தது. தொடங்கும்போதே முடிந்துவிட்ட சின்னச் சத்தம். சுருட்டின் நுனி சப்பாத்துக்கு மேலே, ஒரு ஆள் குந்தியிருந்தால் வாய் இருக்கும் உயரத்தில் சிவந்ததாக எனக்கு ஞாபகம். இதை மட்டும் நான் சத்தியம் செய்யமாட்டேன். கண் அரைவாசி மூடியிருந்தது.

"பார்த்தியளோ" என்று வெளியே சுருட்டுக் கடைக்காரர் கத்தினார். "ஆட்டத்தைத் தொடங்கு எண்டுறார்!"

ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் மெல்ல, "முதலும் விசில்தானே, இப்பவும் விசில்தானே" என்று ஏதோ சொல்லப்போனார்.

"செத்தவரோட வாதாடாதையும், ஐசே."

அவர் வாதாடவில்லை.

நான் தவழ்ந்துபோய் விசிலைச் சப்பாத்தின்மேல் வைத்துவிட்டுக் கட்டிலுக்கே திரும்பினேன். கதவு திறந்து எல்லோரும் இலையைச் சுற்றி விழுந்து அழுதபோது, கட்டிலின் கீழிருந்து நழுவி வீட்டின் பின்வாசலால் வெளியேறினேன். அதற்குள் ஒன்றைக் கண்டுவிட்டேன். பெரியம்மா விசிலை எடுத்தார். தடவிப் பார்த்தார். "ஈரமா இருக்கு" என்றார். பிறகு அந்த ஈரத்தைத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

அந்த விசில் சித்தப்பாவுக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. பெரியம்மா அதைச் சுவாமிப்பட அறையில் ஒரு பட்டுத்துணியில் முடிந்துவைத்தார், கழுவாமல். சாகும்வரை வெள்ளிக்கிழமைகளில் எடுத்துக் கண்ணில் ஒற்றினார். என்னுடைய எச்சில்.

பின்வாசலால் வந்தபோது வேலியோரம் லாப் பெடியனைக் கண்டேன். எட்டாம் நாள் சமையலுக்கு விறகு கொத்த வந்திருந்தார். தகரப் பேணியில் அவருக்குக் கொடுத்த தேத்தண்ணி ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. அவர் பூட்டிய சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தேத்தண்ணியை மண்ணில் ஊற்றி, பேணியைக் கழுவி, வேலிக் கதியாலில் கவிழ்த்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது என்றும் எழுதவேண்டும். பேயை நம்புகிறான் என்று நினைத்தேன். இரண்டாவது விசிலைக் கேட்டவனும் நானேதான் என்பது அந்த நேரம் எப்படி மறந்துபோனதோ.

சித்தப்பா இரண்டு பருவம் கோச்சாக இருந்தார். வாங்கின் நடுவில் கால்மேல் கால் போட்டு அழகாக இருந்தார். அணி தோற்றது. அது இங்கே முக்கியமில்லை.

சொல்லித் தீர்க்க எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, மேற்கு ஜெர்மனிக்குள் வந்து, அகதி விடுதி ஒன்றில் எட்டுப் பேருக்கு ஒரு அறையில் கிடந்த காலம். இரட்டைக் கட்டிலில் எனக்கு மேலே படுத்தவன் எங்கள் ஊர்ப் பெடியன். மூன்றாம் நாள் கதையோடு கதையாகத் தகப்பன் யாரென்று சொன்னான். லாப் பெடியன். நான் யாரென்று அவனுக்கு வந்த அன்றே தெரிந்திருந்தது. அவன் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பனி வெளிச்சம் சன்னலில் நின்ற ஒரு பகற்பொழுது, மேலேயிருந்து அவன் குரல் மட்டும் வந்தது.

"அப்பா கடைசி மட்டும் ஒண்டையே யோசிச்சுக்கொண்டிருந்தவர், அண்ணை. உங்கட பெரியப்பாவுக்குத் தான் என்ன பிழை விட்டதெண்டு. மற்றவை வேண்டாமெண்டது அவருக்குப் பெரிசில்லை. ஐயா வேண்டாமெண்டு ஊதிப்போட்டார் எண்டதுதான்."

அவன் பொறுத்திருந்தான். கட்டிலின் கம்பிகள் என் முகத்துக்கு மேலே அவன் பாரத்தில் வளைந்திருந்தன. நான், "ஓ" என்றேன். அடுத்த கிழமை அறை மாற்றித் தரும்படி ஒரு அன்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில், இரவில் சத்தம் என்று நிரப்பினேன். அவன் குறட்டைகூட விடுகிறவன் இல்லை.

அவனிடம் சொல்லாதது ஒன்று. அவனுடைய தகப்பனிடம் சொன்னது அதைவிட மோசம். எட்டாம் நாள் படையல் முடிந்து மூன்றாம் நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உச்சி வெயில். வீட்டில் எல்லோரும் உறக்கம். வேலிப் படலையடியில் நான் மட்டும் நின்றேன். அவர் கையில் பந்துக்குக் காற்றடிக்கும் பம்பும், பந்து அறைப் பூட்டின் திறப்பும். படலைக்கு உள்ளே வரவில்லை.

"தம்பி, அண்டைக்கு விசில் கேட்டதெல்லோ. நீங்களும் கேட்டனீங்களோ?"

"ஓம்."

"உள்ளுக்கு ஒருதரும் இல்லைத்தானே?"

"இல்லை."

அவர் கால் பெருவிரலால் மண்ணைக் கீறினார். பிறகு, கடையில் கடன் கேட்க வந்தவர்போல, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஐயா பௌலுக்கு ஊதினா நீட்டமாட்டார், தம்பி. டக்கெண்டு வெட்டிப்போடுவார். தொடங்கச் சொல்லித்தான் நீட்டி ஊதுவார். நான் இருவது வருஷம் பக்கத்தில நிண்டு கேட்டனான். அண்டைக்கு என்ர பேருக்கு ஊதினது நீளம். உங்கட சித்தப்பா சின்னையாவின்ர பேருக்கு ஊதினதுதான் வெட்டி ஊதினது. எனக்கு அப்பிடித்தான் கேட்டது. உங்களுக்கு எப்பிடிக் கேட்டது?"

எனக்கும் அப்படித்தான் கேட்டது. நீளமாக ஊதியவன் நான். ஆனால் விசிலைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவர், இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் கட்டிலின்கீழ் வந்து என் காலைப் பிடித்து இழுத்துவிடுவார் என்று பட்டது.

"நீ பிழையாக் கேட்டிருக்கிறாய்" என்றேன். "முதல் ஊதினதுதான் வெட்டி ஊதினது. கோவமா ஊதினது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது சந்தேகம். அங்கே சந்தேகம் இல்லை. அந்த ஊரில் அவர் கேட்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான் என்பதோ, ஒன்பது வயதுப் பிள்ளை பொய் சொல்லாது என்று நம்பித்தான் அந்த வெயிலில் நடந்து வந்தார் என்பதோ எனக்குத் தெரியவில்லை.

"ஓம் தம்பி. அப்பிடித்தான் இருக்கும்" என்றார். "எனக்கு வயசுபோற காது."

பம்பையும் திறப்பையும் வாங்க நான் கையை நீட்டினேன். அவர் என் கையில் தரவில்லை. படலைக்கு வெளியே, மண்ணில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு நான் எடுப்பதற்கு வசதியாக இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றார்.

கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் குனிந்து எடுத்தேன்.